எல்லாப் பேரையும் எழுதிக் கொடுத்த டீச்சர்

அந்த வேலையை யாரும் கேட்டு வாங்கவில்லை. இருக்கிற ஆட்களில் முடியாது என்று வாய் திறந்து சொல்லத் தெரியாத ஆள் யார் என்று பார்த்து, அவள் தலையில் கட்டினார்கள். பல வருஷமாக மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஒரு சாதாரண ஆசிரியை, அப்படித்தான் புதிர் டீச்சர் ஆனாள். பேர் பிள்ளைகள் வைத்தது. அரசாங்கம் வைத்த பேர் இன்னும் நீளம், அதை அவளாலேயே ஒரே மூச்சில் சொல்ல முடியாது.

வேலை இதுதான். அந்த வட்டாரத்தில் நாலு அரசுத் தொடக்கப் பள்ளிகள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் வயதுக்கு மீறிய புத்திக்கூர்மை உள்ளவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு மத்தியானம் அவர்களை ஓரிடத்தில் கூட்டி, பாடப்புத்தகத்தைத் தாண்டி எதையாவது சொல்லிக்கொடுக்க வேண்டும். எதைச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் உங்களுக்கே தெரியும்" என்று பதில் வந்தது. தெரிந்தால் ஏன் கேட்கப் போகிறாள்?

மணிக்கூண்டை ஒட்டியிருந்த பெரிய பள்ளியில் விளையாட்டுச் சாமான் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். ஒழித்தாலும் ரப்பர் பந்து வாடை போகவில்லை. மூலையில் காற்றுப் போன பந்துகள் ஒரு மூட்டை, சுவரோரம் தாண்டிக் குதிக்கிற மெத்தை. மற்றப் பள்ளிப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்குவார்கள். முதல் நாளே அந்த மெத்தைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, நாற்காலியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிற முறை எளிமையானது. வகுப்பாசிரியர்கள் பேர் கொடுப்பார்கள். பேர் வந்த பிள்ளைகளுக்குப் புதிர் டீச்சர் ஒரு தேர்வு வைப்பாள். ஒரு கோட்டுக்கு மேலே வந்தால் உள்ளே, கீழே வந்தால் வெளியே. உள்ளே வந்தவர்கள் ஐந்தாம் வகுப்பு முடிகிற வரைக்கும் தொடர்ந்து வருவார்கள்.

முதல் வருஷம் வந்த பேர்களைப் பார்த்ததும் அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. எல்லாம் நல்ல பிள்ளைகள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கேள்வி கேட்டால் கை தூக்கிவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். அவர்களில் உண்மையாகவே தீப்பொறி மாதிரி சில பேர் இருந்தார்கள். மீதிப் பேர் வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவர்கள். விடையே இல்லாத ஒரு கணக்கை வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தாள். பாதிப் பேர் அழுகிற நிலைக்குப் போய்விட்டார்கள். ஒருத்தன் மட்டும், "டீச்சர், நீங்க தப்பா எழுதிட்டீங்க" என்றான். அவனை அவளுக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

அவளுடைய மகளும் அப்போது மணிக்கூண்டுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. வகுப்பாசிரியர் அவள் பேரையும் கொடுத்திருந்தார். தாயே மகளுக்குத் தேர்வு வைக்கக் கூடாது என்று வேறொருவரை அனுப்பினார்கள். மகளின் மதிப்பெண் மயிரிழையில் கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டது. அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியர் புதிர் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் முன்னே பின்னே போட்டுக்கொள்ளலாம், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று நைசாகச் சொன்னார். அவள் முடியாது என்றாள். அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த வார்த்தை வாயில் வந்தது.

வீட்டில் மகள் கேட்டாள். "அப்போ நான் மக்காம்மா?"

புதிர் டீச்சரின் கணவன் லிஃப்ட் மெக்கானிக். கை கழுவிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

"லிஃப்ட்ல எட்டுப் பேருக்கு மேல ஏறினா மணி அடிக்கும். ஒன்பதாவதா ஏறினவர் என்ன பண்ணுவார்? இறங்கி நிப்பார். அவர் குண்டுன்னா அர்த்தம்? உள்ள இடம் அவ்வளவுதான்."

மகள் யோசித்துவிட்டு, குண்டாகக்கூட இருக்கலாம் என்றாள். அப்பாவும் பெண்ணும் சிரித்தார்கள், பேச்சு அதோடு போயிற்று. ஆனால் புதிர் டீச்சருக்கு அது போகவில்லை. தன் பெண்ணை அவளுக்குத் தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே நின்றவர்களையும் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு கிழிக்கிற அளவுக்கு என்ன இருக்கிறது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்றும் வந்தது. லிஃப்டில் ஏறி இறங்கினவர்கள் சரி. கதவுப் பக்கமே வராதவர்கள் எத்தனை பேர்?

அந்தச் சந்தேகத்துக்கு ஒரு விலாசம் இருந்தது. நாலாவது பள்ளி மேம்பாலத்துக்கு அடியில் இருந்தது. எல்லாரும் பாலத்தடிப் பள்ளி என்பார்கள். முதல் வருஷம் அங்கிருந்து ஒரு பேர்கூட வரவில்லை. இரண்டாம் வருஷமும் வரவில்லை. அவள் நேரிலேயே போனாள்.

தலைமை ஆசிரியர் தங்கமான மனிதர். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். பாலத்தில் லாரி போகும்போதெல்லாம் அவர் மேஜைமேல் இருந்த கண்ணாடி டம்ளர் நடுங்கியது, அதை அவர் பேசிக்கொண்டே ஒரு விரலால் பிடித்துக்கொண்டார்.

"எங்ககிட்ட அப்படிப்பட்ட பிள்ளைங்க யாரும் இல்லைங்க டீச்சர்," என்றார். குறையாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார். "வர்றதே பெரிய விஷயம். வேலை எங்க கிடைக்குதோ அங்க பெத்தவங்க போயிடுறாங்க, பிள்ளைங்களும் கூடவே போயிடுதுங்க. எழுத்துக்கூட்டிப் படிக்க வச்சு அனுப்பினாப் போதும்னு இருக்கோம்."

மூன்றாம் வகுப்பு ஆசிரியையும் அதையே சொன்னாள். வயது குறைவுதான், குரல் மட்டும் வருஷம் பாதி ஆவதற்குள் கட்டிப்போயிருந்தது. வகுப்பு நிரம்பி வழிந்தது. அத்தனை பேரிலும் ஒருத்தர்கூடத் தேறமாட்டார்களா என்று புதிர் டீச்சர் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "இருந்தா நான் சொல்ல மாட்டேனா? எனக்குக் கண்ணு இல்லையா?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது புதிர் டீச்சருக்கு ஒன்று மட்டும் பிடிபட்டது. வகுப்பாசிரியர்கள் தேடுவது தங்களுக்குத் தொல்லை கொடுக்காத பிள்ளையை. கெட்ட எண்ணத்தினால் இல்லை. நெரிசலில் நிற்கிறவன் கண்ணுக்கு, இடிக்காதவன்தான் நல்லவனாகத் தெரிவான்.

பாலத்தடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் தேர்வு வைக்க வேண்டும் என்று வட்டாரக் கல்வி அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அதிகாரி ஓய்வுக்கு நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. எந்தப் புதுக் காரியத்தையும் முதலில் முடியாது என்று சொல்லிவிட்டு அப்புறம் கேட்பது அவர் பழக்கம். பேர் வந்த பிள்ளைகளுக்குத்தான் தேர்வு, விதி அப்படி என்றார்.

"பேரை வகுப்பாசிரியர்தான் கொடுக்கணும்னு விதியில இருக்கா மேடம்?"

அதிகாரி விதியை எடுத்துப் படித்துப் பார்த்தார். ஓர் ஆசிரியர் என்றுதான் இருந்தது.

"நானும் ஆசிரியர்தானே," என்றாள் புதிர் டீச்சர். "அந்த வகுப்புல இருக்கிற எல்லாப் பேரையும் நான் கொடுக்கிறேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளையே பார்த்தார். அப்புறம், பூனை மாதிரி இருந்துகொண்டு நீ இப்படி ஒரு வேலை செய்வாய் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தேர்வு முழுக்கப் படங்கள். ஒரு வரிசையில் வடிவங்கள் மாறிக்கொண்டே போகும், கடைசியில் ஒரு கட்டம் காலியாக இருக்கும், அங்கே எது வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஓர் எழுத்துகூடப் படிக்கத் தேவையில்லை. பாலத்தடிப் பள்ளியில் அன்றைக்கு ஒரே கூத்து. ஒருத்தன் எல்லா வட்டத்துக்கும் மீசை வைத்தான். ஒருத்தி பக்கத்துப் பிள்ளைக்கும் சேர்த்துத் தானே போட்டுக் கொடுத்தாள். ஜன்னலோரக் கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி மற்றவர்களுக்கு வெகு முன்னால் முடித்துவிட்டு, காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

திருத்தினபோது அந்த வகுப்பில் ஐந்தாறு பேர் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். எல்லாருக்கும் மேலே, நாலு பள்ளியிலும் யாரும் எட்டாத இடத்தில், அந்தக் கடைசி பெஞ்சுச் சிறுமி இருந்தாள்.

வகுப்பாசிரியைக்குச் சொன்னபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. "ஜன்னல்காரியா?" என்றாள். வகுப்பில் அவளுக்கு அதுதான் பேர். எப்போதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஊர் ஊராகப் போன குடும்பம், நாலு பள்ளி மாறி வந்தவள், எழுத்துக்கூட்டத்தான் தெரியும். படிப்பில் பின்தங்கினவர்கள் என்று தனியாக உட்கார வைக்கிற வரிசையில் இருப்பவள். "நீங்க மாத்தித் திருத்திட்டீங்க டீச்சர். இல்லைன்னா பக்கத்துல பார்த்து எழுதியிருப்பா."

பக்கத்தில் இருந்தது மீசைக்காரன். அவனைப் பார்த்து எழுதியிருந்தால் இவளும் மீசைதான் வரைந்திருப்பாள்.

ஆனாலும் புதிர் டீச்சருக்கே ஒரு சந்தேகம் இருந்தது. அடுத்த வாரம் சிறுமியைத் தனியாகக் கூப்பிட்டு, வேறு படங்களை வைத்துப் பார்த்தாள். சிறுமி பேசாமல் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே போனாள். எல்லாம் சரி. படங்களை எடுத்து வைத்துவிட்டு டீச்சர் சும்மா கேட்டாள்.

"ஜன்னல் வழியா அப்படி என்னதான் பார்ப்பே?"

திட்டு விழப்போகிறது என்று நினைத்துச் சிறுமி மெல்லச் சொன்னாள்.

"பஸ்ஸு."

"பஸ்ஸுல என்ன இருக்கு?"

"ரொம்ப நேரம் வராது. வந்தா ரெண்டா வரும். ஏன்னு பார்த்தேன்."

"ஏன்?"

"முன்னாடி வர்ற பஸ்ஸு கொஞ்சம் லேட்டாயிடுது. அதனால ஸ்டாப்புல கூட்டம் சேர்ந்துடுது. எல்லாரும் ஏறுற வரைக்கும் அது நிக்குது. இன்னும் லேட்டாயிடுது. பின்னாடி வர்றதுக்கு ஏற ஆளே இல்லை. நிக்காம வந்து முன்னாடி போறதைப் பிடிச்சிடுது." கொஞ்சம் நிறுத்தி, "டிரைவர் மேல தப்பு இல்லை," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வகுப்பாசிரியை உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். தினமும் அதே ஸ்டாப்பில் நின்று அதே பஸ்ஸைத் திட்டுகிறவள் அவள். வருஷ ஆரம்பத்திலிருந்து இவளை ஜன்னலைப் பார்க்காதே என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்றாள். புதிர் டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்தி எதைப் பார்க்கிறாள் என்று யாரால் கேட்க முடியும் என்று சொன்னாள். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, மூன்றாம் வகுப்பு எடுத்தவளுக்கு அது தெரியும்.

இனி என்ன, பிள்ளை வேனில் ஏற வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தாள். அம்மாவின் சம்மதம் வேண்டும். அம்மாவிடமிருந்து மாட்டேன் என்று பதில் வந்தது. காரணம் கேட்டு ஆள் அனுப்பினால் அதற்கும் பதில் இல்லை.

அம்மாவுக்கு ஒரு சலவை நிலையத்தில் வேலை. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளெல்லாம் அங்கேதான் வரும். புதிர் டீச்சர் தேடிக்கொண்டு போனாள். உள்ளே ஆவி முட்டியது. பெரிய உருளைகளுக்கு நடுவிலிருந்து விரிப்புகள் சூடாக வந்து விழுந்தன, இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று அவற்றை மடித்தார்கள். வேலையை நிறுத்திவிட்டுப் பேச மேற்பார்வையாளர் விடமாட்டார். அம்மாவின் ஜோடிக்காரி தண்ணீர் குடிக்கப் போனாள். டீச்சர் கைப்பையை மாட்டிக்கொண்டு விரிப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூலையைச் சேர்த்துப் பிடிங்க டீச்சர்," என்றாள் அம்மா. "ம். இப்போ என்கிட்ட வாங்க."

ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டு பேரும் பக்கத்தில் வந்தார்கள், மறுபடி விலகினார்கள். பக்கத்தில் வரும்போது மட்டும் பேச்சு.

"தனியா கூட்டிட்டுப் போறது எதுக்குன்னு எனக்குத் தெரியும்," என்றாள் அம்மா. "போன பள்ளிக்கூடத்துல தனியா உட்கார வச்சாங்க. இங்கயும் தனி வரிசை. இப்போ தனிப் பள்ளிக்கூடமே வேறயா? என் பொண்ணு மக்குன்னா என்கிட்ட நேரா சொல்லிடுங்க. ஊரைக் கூட்டி வேன்ல ஏத்தாதீங்க."

புதிர் டீச்சர் கையில் விரிப்போடு அப்படியே நின்றுவிட்டாள். மக்கா என்று தன் வீட்டில் ஒரு குரல் கேட்டது அவள் காதில் விழுந்தது. தன் மகள் கதையைச் சொன்னாள். எதற்குச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. டீச்சர் பெண்ணே கோட்டுக்குக் கீழே நின்றதை அந்த அம்மா கை நிறுத்தாமல் கேட்டாள். அப்புறம் ஜன்னல், பஸ், எல்லாப் பேரையும் தானே எழுதிக் கொடுத்தது, தேர்வு என்று எல்லாவற்றையும் சொன்னாள். நாலு பள்ளியிலும் உங்கள் பெண் போட்ட மாதிரி யாரும் போடவில்லை என்றாள்.

அம்மா கடைசி மடிப்பைத் தட்டிச் சமன் செய்தாள். ரொம்ப நேரம் தட்டினாள்.

"வீட்டுலயும் இப்படித்தான்," என்றாள். "எதையாவது கேட்டுட்டே இருக்கும். எனக்குப் பதில் தெரியாது, அதட்டிடுவேன்." பிறகு நிமிர்ந்து பார்த்து, "ஆனா அனுப்ப முடியாது டீச்சர். பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்து பாலர் வகுப்புல இருந்து தம்பியை அவதான் கூட்டிட்டுப் போகணும். நான் வர்ற வரைக்கும் வேற ஆள் இல்லை. வேன் திரும்பி வர நேரமாயிடும்," என்றாள்.

அம்மா சொன்னது நியாயம். ஒரு பிள்ளையின் புத்தியை வளர்க்கிறேன் என்று இன்னொரு பிள்ளையை வாசலில் நிறுத்த முடியாது.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவன், ஆள் லிஃப்டுக்கு வர முடியாவிட்டால் லிஃப்ட்தான் அந்த மாடிக்குப் போக வேண்டும், வேறென்ன என்றான். எதைக் கேட்டாலும் லிஃப்டிலேயே பதில் சொல்கிற மனுஷனைக் கட்டிக்கொண்டோமே என்று அவள் அலுத்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் அதிகாரியிடம் போய், வகுப்பைப் பாலத்தடிப் பள்ளிக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டாள்.

அதற்குத்தான் உண்மையான எதிர்ப்பு வந்தது. மணிக்கூண்டுப் பள்ளியில் பெற்றோர் கூடினார்கள். முன்வரிசையில் ஒரு பல் டாக்டர். அவருடைய மகன்தான் விடையில்லாத கணக்கை டீச்சர் தப்பாக எழுதிவிட்டதாகச் சொன்னவன். டாக்டர் மரியாதையாகத்தான் பேசினார். தூசி, சத்தம், ஒரே ஒரு பிள்ளைக்காக இத்தனை பிள்ளைகள் அலைய வேண்டுமா என்று கேட்டார். பின்வரிசையில் ஒருவர், அந்தப் பள்ளிக்கா என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது.

புதிர் டீச்சருக்கு மேடைப் பேச்சு வராது. ஆனாலும் எழுந்து நின்றாள். இரண்டு வருஷமாகப் பாலத்தடிப் பிள்ளைகள் வரவில்லை, யாரும் அவர்களுக்காகக் கூட்டம் போடவில்லை என்றாள். ஒரு பிள்ளைக்காக இல்லை, அந்தப் பள்ளியிலிருந்து ஐந்தாறு பேர் வருகிறார்கள் என்றாள். அப்புறம் டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்க பையனுக்கு என்கிட்ட கத்துக்க நிறைய இல்லைங்க. அவனுக்கு ஈடு கொடுக்கிற ஒரு ஆள் வேணும். அந்த ஆள் அங்கதான் இருக்கா."

ஒரு பருவம் பார்க்கலாம் என்று அதிகாரி முடித்துவைத்தார். சில பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். டாக்டர் நிறுத்தவில்லை. அவர் நிறுத்த நினைத்தாலும் பையன் விட்டிருக்கமாட்டான், அந்த ஆள் யார் என்று தெரிந்துகொள்ளாமல் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பாலத்தடிப் பள்ளியில் தலைமை ஆசிரியர் தன் அறையையே பாதியாகத் தடுத்துக் கொடுத்தார். முதல் வகுப்புக்குப் பாடம் பஸ்தான். தரையில் சாக்பீஸால் வட்டமாக ஒரு ரோடு, வழிநெடுக ஸ்டாப்புகள், பயணிகளுக்குப் பட்டன்கள். டாக்டர் மகன் முன்னால் போகிற பஸ். ஜன்னல்காரி பின்னால் போகிற பஸ். அவன் எவ்வளவு ஓடியும் அவள் வந்து இடித்தாள். அவன் இது அநியாயம் என்றான். வேகம் கூட்டலாமா, ஸ்டாப்பைக் குறைக்கலாமா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தான். கடைசியில் அவள்தான், பின்னால் வருகிற பஸ் வேண்டுமென்றே கொஞ்சம் நின்று வர வேண்டும் என்றாள். வேகமாகப் போகிறவன் நிற்பதா, இது என்ன நியாயம் என்று அவன் சண்டைக்கு வந்தான். நின்று பார்த்தார்கள். இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று பிடிக்கவில்லை. அவன் பட்டன்களைப் பொறுக்கி, "இன்னொரு தடவை" என்றான்.

அவன் அதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். சில வாரம் கழித்து டாக்டரே வந்து பின்னால் நின்று பார்த்தார். போகும்போது, என் ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான், காலையில் ஒரு பல் மக்கர் செய்தால் சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் லேட் என்றார். நிறுத்தின பிள்ளைகளில் சில பேர் திரும்பி வந்தார்கள்.

எல்லாம் ஒரே நாளில் நேராகிவிடவில்லை. ஜன்னல்காரிக்குப் படிக்க வரவில்லை என்பதும் உண்மைதான். கூர்மையும் பின்தங்கலும் ஒரே பிள்ளைக்குள் இருக்கலாம் என்று யாரும் புதிர் டீச்சருக்குச் சொல்லித் தந்ததில்லை, அவள் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். காலையில் எழுத்துக்கூட்டுகிற வரிசை, மத்தியானம் புதிர் அறை என்று சிறுமி இரண்டிலும் உட்கார்ந்தாள். புத்தகத்தை ஒருநாள் ஆத்திரத்தில் தூக்கி எறிந்தாள். தலைக்குள் அவ்வளவு வேகமாக ஓடுகிறவளுக்கு, வரியில் நொண்டி நொண்டிப் போவது பொறுக்கவில்லை. வகுப்பாசிரியை அந்தப் புத்தகத்தை எடுத்துத் துடைத்து, மறுபடி அதே பக்கத்தைத் திறந்து வைத்தாள். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று இழுத்து, வருஷக் கடைசியில் வேனின் பக்கவாட்டில் எழுதியிருந்ததையெல்லாம் சிறுமி சத்தமாகப் படித்துக்கொண்டு நின்றாள்.

வகுப்பாசிரியை வேறொன்றும் செய்தாள். புதிர் அறையில் நடந்ததை வெள்ளிக்கிழமைகளில் தன் முழு வகுப்புக்கும் செய்ய ஆரம்பித்தாள். கோட்டுக்குக் கீழே நின்றவர்களில் சிலர் அன்றைக்குப் புதிரின் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மீசைக்காரன் அதில் ஒருத்தன், படம் போட்டுப் பார்த்தால் அவனுக்கு எந்தக் கணக்கும் வந்தது. மற்றப் பள்ளிகளும் அந்தப் புதிர்களைக் கேட்டு வாங்கின. மணிக்கூண்டுப் பள்ளியில் புதிர் டீச்சரின் மகள் வகுப்புக்கும் அது போனபோது, மகள் வந்து, இன்றைக்கு எங்கள் குழுவில் எல்லாருக்கும் நான்தான் புரிய வைத்தேன் என்று கதை கதையாகச் சொன்னாள். அவளுக்கு அந்தக் கோடு எப்போதோ மறந்துபோயிருந்தது. அம்மாவுக்குத்தான் மறக்கவில்லை. மறக்காமல் இருப்பதும் நல்லதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அடுத்த வருஷத்திலிருந்து நாலு பள்ளியிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் தேர்வு என்று ஆனது. ஒரு தடவை தவறினவர்கள் மறுவருஷமும் எழுதலாம் என்றும் ஆனது. அதிகாரி ஓய்வு பெறுவதற்கு முன் போட்ட கடைசிக் கையெழுத்துகளில் அது ஒன்று.

ஜன்னல்காரி ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அவள் அம்மாவுக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. சம்பளம் அதிகம், தங்க இடமும் உண்டு. வருஷ நடுவில் கிளம்பினார்கள். புதிர் டீச்சருக்குச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. புதுப் பள்ளி, புது வகுப்பு, மறுபடி ஒரு கடைசி பெஞ்ச். அங்கே யார் இவளைக் கேட்கப் போகிறார்கள்? புதுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் காட்டச் சொல்லி அம்மாவிடம் எல்லா விவரமும் எழுதிக் கொடுத்தனுப்பினாள். ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. ஒரு மாதமாகச் செய்தி இல்லை.

ஒருநாள் மத்தியானம், பிள்ளைகள் நடுவில் இருக்கும்போது போன் வந்தது. அம்மா பேசினாள். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம்.

முதல் நாளே புதுப் பள்ளியில், பாதி வருஷத்தில் வந்த பிள்ளை, கொஞ்ச நாள் பின்வரிசையில் உட்காரட்டும் என்றார்களாம். இந்தப் பள்ளியில் தனி வகுப்பு உண்டா என்று அம்மா கேட்டிருக்கிறாள். உண்டு, ஆனால் இந்த வருஷத்துக்குப் பேர் கொடுத்து முடிந்துவிட்டது என்றார்கள்.

"நான் எழுந்திருக்கவே இல்லை டீச்சர்," என்றாள் அம்மா. "பேர் யார் வேணா கொடுக்கலாமா, ஆசிரியர்தான் கொடுக்கணுமான்னு கேட்டேன். எடுத்துப் பார்த்துட்டு, பெத்தவங்களும் கொடுக்கலாம்னு போட்டிருக்குன்னாங்க. அப்போ எழுதிக்கோங்க, நான் கொடுக்கிறேன்னு சொன்னேன்."

"தேர்வு வச்சாங்களா?"

"ஒரு மாசம் இழுத்து நேத்துதான் வச்சாங்க. இன்னிக்கு அந்த வகுப்புக்குப் போயிட்டா." கொஞ்சம் தயங்கி, "கூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளை பேரையும் கொடுத்தேன். அதோட அம்மாவுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியலை," என்றாள்.

மேற்பார்வையாளர் கூப்பிடுகிறார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். புதிர் டீச்சர் போனைப் பையில் போட்டுவிட்டு அறைக்குள் திரும்பினாள். அவள் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, போர்டில் இருந்த கணக்கைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் பக்கம் சரி என்று கேட்டு ஒரே கூச்சல். அவள் சாக்பீஸை எடுத்து, இரண்டு கட்சியிலும் இன்னும் வாய் திறக்காமல் ஓரமாக நின்றிருந்த ஒரு பிள்ளையிடம் கொடுத்தாள்.